உப்பள லாரிக்குப் புது மூளை

ஜனவரி 28, செவ்வாய்

இன்று உச்சி வெயிலில் லாரியின் வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. நான் வண்டிக்குள் இல்லை. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. உப்பு அம்பாரத்தின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஒரு பொட்டு மேகம் இல்லாத வானத்தின் கீழே வைப்பர் இரண்டும் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. யாருக்கோ கையசைத்து விடைகொடுப்பது போல இருந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு மட்டும் மழை பெய்யுது போல" என்றாள் தங்கபுஷ்பம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டு வருடமாக இந்த லாரி என்னிடம் இருக்கிறது. விடியுமுன் ஊரிலிருந்து பதினாலு பெண்களை உப்பளத்துக்கு ஏற்றிவருவேன். பகலில் உப்பு மூடை. சாயங்காலம் அவர்களை ஊரில் கொண்டுபோய் விடுவேன். பதினாலு பேரில் ஒருத்தி என் மனைவி பிரம்மசக்தி. ஒருநாளும் வண்டி இப்படி விளையாடியதில்லை.

ஜனவரி 30, வியாழன்

இடது இண்டிகேட்டர் போட்டால் வலது எரிகிறது. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. மற்றபடி நலம்.

பிப்ரவரி 3, திங்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலை ஐந்தரை இருக்கும். அளத்துப் பாதை என்பது இரண்டு பக்கமும் பாத்திகள் உள்ள மண்வரப்புதான். அந்த நேரத்தில் காற்று இருக்காது. தண்ணீர் அசையாமல் கிடக்கும். மேலே உள்ள நட்சத்திரம் எல்லாம் கீழேயும் இருக்கும். வானத்துக்கு நடுவே ஒரு கோட்டில் வண்டி ஓட்டுவது போல இருக்கும். பத்தொன்பது வருடமாக அந்தப் பாதையில் போகிறேன். முதலில் கூலிக்கு ஓட்டினேன், பிறகு சொந்த வண்டி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மதகு வளைவில் ஹெட்லைட் கட்டாகிவிட்டது. ஒரு நொடி, அல்லது இரண்டு நொடி. பின்னாலிருந்து பெண்கள் அலறினார்கள். பிரேக் அடித்தேன். தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டது.

இறங்கிப் பார்த்தால் வாட்ச்மேன் சித்திரவேல் வாய்க்காலில் இடுப்பளவு நிற்கிறார். அவருடைய சைக்கிள் லாரியின் முன்சக்கரத்துக்கு அடியில் இருந்தது. குதித்தபோது மதகுக் கல்லில் மோதி இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. நான் அவர் தோளைப் பிடித்து மேலே ஏற்றினேன். "லைட்டு போயிட்டுவே, சித்திரவேலு. திடீர்னு போயிட்டு" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி பொறுக்க முடியவில்லை போலும்.

எல்லோரிடமும் சொன்னேன். வெயிலில் வைப்பர் ஆடிய வண்டி அல்லவா, எல்லோரும் நம்பினார்கள்.

பிப்ரவரி 5, புதன்

வண்டியைப் பைபாஸ் ஓரம் உள்ள பொன்சீலியின் பட்டறையில் விட்டேன். இந்தப் பக்கம் லாரிகளுக்கு வயரிங் வேலை என்றால் பொன்சீலிதான். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஆண்கள் சட்டையை மடித்துவிட்டு, நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, டேஷ்போர்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டுதான் யாரோடும் பேசுவாள்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் காலுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் தட்டைப் பிரித்து, ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.

"இதான் அண்ணாச்சி பாடி கன்ட்ரோல் மாட்யூல். வண்டியோட மூளைன்னு வச்சுக்கோங்க. எஞ்சினுக்கு வேற மூளை. இது லைட்டு, ஹார்னு, வைப்பர், கதவு, இண்டிகேட்டர் எல்லாத்தையும் பாத்துக்கிடும்."

திருப்பிக் காட்டினாள். வயர் செருகும் ஊசிகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. உப்புக்காற்றுதான். பன்னிரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. கடலுக்கு அடியில் கிடக்கிற பாசி போல அழகாகத்தான் இருந்தது.

"அதான் ஹெட்லைட்டு கட்டாயிருக்கு, இல்லியா?" என்றேன்.

"இருக்கலாம். பாத்துச் சொல்லுதேன்."

பெண்களை ஏற்றிப்போக சுயம்புவின் லோடு ஆட்டோவைச் சொல்லியிருக்கிறேன். நல்ல பையன், எங்கள் தெருதான். போன வருடம்தான் கல்யாணம் ஆனது.

பிப்ரவரி 8, சனி

வேலை இல்லாமல் வீட்டில் இருப்பது விசித்திரமாக இருக்கிறது. பகலில் தூங்கிவிட்டேன். கனவில் லாரி ஆள் இல்லாமல் அளத்துக்குள் போகிறது. வரப்பில் போகவில்லை, தண்ணீர்மேல் போகிறது. சக்கரம் நனையவில்லை. பூநாரைகள் விலகி வழிவிடுகின்றன. ஹெட்லைட் இரண்டும் எரிகின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு பெரிய பூ: உள்ளே நீலம், வெளியே சிவப்பு.

விழித்த பிறகும் அந்தப் பூ தெரிந்தது. சாயங்காலம் தெருவிளக்கு போட்டதும் அதைச் சுற்றியும் இருந்தது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தை மாதத்துப் பனிக்கு எல்லோருக்கும் அப்படித் தெரியும் என்று நினைக்கிறேன்.

பிரம்மசக்தி பொருளைக் கண்ட இடத்தில் வைக்கிறாள். இன்று இடது பக்கம் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டேன். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் கதவருகில் நின்று கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்பவே இல்லையாம். பிரம்மசக்தி ஈரத்தைத் துடைத்துவிட்டு, செம்பை என் வலது பக்கம் வைத்தாள்.

பிப்ரவரி 12, புதன்

பொன்சீலி ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள். மதுரைப் பக்கம் உடைத்துப் போட்ட லாரியிலிருந்து எடுத்ததாம். சாவி போட்டதும் உள்விளக்கு எரிந்தது, ஹார்ன் மூன்று முறை அடித்தது, எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை.

"ஒங்க சாவியை இது ஏத்துக்கிட மாட்டேங்கு. இது இன்னும் அந்த வண்டியோட ஞாபகத்துலயே இருக்கு."

"எந்த வண்டி?"

"யாருக்குத் தெரியும்? ஸ்க்ரீனைப் பாருங்க. நாலு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்குங்கு. கடைசியா டிரைவர் பக்கத்துக் கதவு தொறந்து கெடந்துச்சாம். அதை இன்னும் சாத்தச் சொல்லிட்டு இருக்கு."

உண்மைதான். என் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் டேஷ்போர்டில் ஒரு சிவப்புக் கதவு திறந்தே இருந்தது. எங்கோ ஒரு சாலையில், யாரோ இறங்கிப்போன கதவு. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்சீலி அதைக் கழற்றிவிட்டாள். புதுசுதான் போட வேண்டும், சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றாள்.

பிப்ரவரி 17, திங்கள்

சித்திரவேலைப் பார்த்துவர வேண்டும் என்று பிரம்மசக்தி சொன்னாள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவர் தெருவுக்குள் நுழைந்தேன். வீட்டைத் தாண்டிப் போய், தெரு முடிந்ததும் திரும்பி வந்தேன். வெயில் அதிகம். பிறகு போகலாம்.

ஆரஞ்சை நாங்களே தின்றோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

புதுப் பெட்டி வந்துவிட்டது. காலையிலேயே பட்டறைக்குப் போனேன். பெட்டியைச் செருகினால் மட்டும் போதாது. என் வண்டியின் பழைய பெட்டியில் உள்ள விவரங்களை லேப்டாப்பில் இறக்கி, புதியதில் ஏற்ற வேண்டும். அப்போதுதான் அது இந்த வண்டி, இந்தச் சாவி என்று தெரிந்துகொள்ளுமாம்.

பொன்சீலி பழையதின் ஊசிகளைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, வயரை மாட்டினாள். திரையில் வரிகள் ஓடின. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பட்டறைத் தகரத்தில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளிச்சம் தரையில் காசு காசாக விழுந்திருந்தது.

"ஒங்க வண்டி நல்லா டைரி எழுதியிருக்கு அண்ணாச்சி" என்றாள். "எப்பெப்ப எது கெட்டுச்சுன்னு எல்லாம் இருக்கு. வைப்பர் நாப்பத்தோரு தடவை. இண்டிகேட்டர் அறுபத்தி மூணு. கதவுப் பூட்டு பத்தொம்பது."

"ஹெட்லைட்டு?"

அவள் திரையை மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

"ஹெட்லைட்டுக்கு ஒண்ணுமே இல்லியே."

"அழிஞ்சிருக்கும்."

"அது மட்டும் எப்படி அழியும்? லைட்டு ஒரு நொடி கட்டானாலும் இதுல விழுந்துரும். ஒரு தடவைகூட விழல. பல்பு, ரிலே, வயரு எல்லாம் பாத்துட்டேன். அந்தப் பக்கம் உப்பே ஏறல."

அவள் புதிய பெட்டியில் விவரத்தை ஏற்ற ஆரம்பித்தாள். பாதி ஏறும்போது யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்றாள். நான் வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்றேன்.

பிப்ரவரி 22, சனி

லேப்டாப்புக்கு எல்லாம் தெரியுமா? அன்றைக்கு வண்டியில் இருந்தது நான்.

பிப்ரவரி 24, திங்கள்

வேலை முடிந்தது என்று பொன்சீலி சாயங்காலம் போன் செய்தாள். போனேன். இடது இண்டிகேட்டர் இடது பக்கமே எரிகிறது. கதவு சொன்னபடி கேட்கிறது. வைப்பர் தூங்குகிறது. பொழுது சாய்ந்திருந்தது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள்.

"எப்படி இருக்கு?"

"முன்ன மாதிரியேதான் இருக்கு, மங்கலா. ஓரத்துல ஒண்ணும் தெரியல."

அவள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். பக்கத்துக் கடையின் சுவர் வரைக்கும் அவள் நிழல் விழுந்தது, அதில் எழுதியிருந்த விளம்பரத்தை வாசித்துக் காட்டினாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பட்டறைக்குள் போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, எங் கையில எத்தனை வெரலு?"

"நீ எங்க நிக்கே?"

"இங்கதான் நிக்கேன். லைட்டுக்குள்ளதான் நிக்கேன்."

குரல் வந்த பக்கம் கழுத்தைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தாள். இடது பக்கம், பத்தடி தூரத்தில், வெளிச்சத்தில் நனைந்தது போல நின்றுகொண்டிருந்தாள். கை மேலே தூக்கியபடியே இருந்தது.

அருகில் வந்து ஓட்டுநர் கதவைத் திறந்தாள். "வண்டிக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. நவுந்து உக்காருங்க. நான் ஓட்டிட்டு வந்து வீட்டுல விடுதேன்."

நவுந்து உட்கார்ந்தேன். வழியெல்லாம் எதிர்வண்டிகளின் விளக்குகளில் அந்தப் பூக்கள் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருந்தன. என் வண்டியில் இடதுபக்க இருக்கையில் நான் உட்கார்ந்தது இதுவே முதல்முறை.

அவள் சாவியை என்னிடம் தரவில்லை. பிரம்மசக்தியிடம் கொடுத்துவிட்டு நடந்தே போனாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

யாரும் இல்லாதபோது சுவரில் உள்ள காலண்டரை நேராகப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலது கண்ணால் பார்த்தால் தேதி தெரிகிறது. இடது கண்ணால் பார்த்தாலும் தெரிகிறது, ஆனால் காலண்டர் மட்டும்தான் தெரிகிறது. அதைச் சுற்றிச் சுவர் இல்லை. கறுப்பாகவும் இல்லை. வெறுமனே இல்லை.

சாப்பிடும்போது, "ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவமா?" என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"வியாழக்கெழமைக்கு லீவு சொல்லிட்டேன்" என்றாள் பிரம்மசக்தி. 

பிப்ரவரி 27, வியாழன்

திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு இருட்டறை. ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான். "நடுவுல உள்ள புள்ளியையே பாருங்க சார். சுத்தி எங்கயாவது வெளிச்சம் மின்னுனா அமுக்குங்க" என்றது பரிசோதனை செய்த பெண்.

கிண்ணத்துக்குள் பொழுது விடியுமுன் அளத்தில் இருப்பது போல இருந்தது. அசையாத மங்கிய வெளிச்சம். இங்கே ஒரு மின்னல், அங்கே ஒன்று. அமுக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. இயந்திரம் மட்டும் டிக் டிக் என்று வேலை செய்துகொண்டிருந்தது. அது விளக்கு போடுகிறது, எனக்கு வரவில்லை என்று புரிந்தது. இரண்டு மூன்று முறை வெளிச்சம் தெரியாமலே அமுக்கினேன். பத்தொன்பது வருடமாக அந்தப் பாதையில் எது எங்கே இருக்கும் என்று தெரிந்து ஓட்டியது போல, இங்கேயும் எப்போது வரும் என்று கணக்குப் போட்டு அமுக்கினேன்.

"சும்மா அமுக்கக் கூடாது சார். மெஷினுக்குத் தெரிஞ்சுரும்" என்றது அந்தப் பெண், மெதுவாக.

டாக்டர் காகிதத்தைக் காட்டினார். இரண்டு வட்டம். இடது வட்டத்தில் நடுவே கொஞ்சம்தான் வெள்ளை, வலது வட்டத்திலும் இடது ஓரம் கறுத்திருந்தது. கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி நரம்பை அரித்துவிட்டதாம். வலி இருக்காதாம், சத்தமில்லாமல் வருமாம். மூன்று நான்கு வருடமாகவே இருந்திருக்கும் என்றார்.

"போன பார்வை திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். தெனமும் சொட்டு மருந்து, ஒரு நாள்கூட விடக் கூடாது. என்ன தொழில் பாக்கிறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிரம்மசக்தி சொன்னாள்: "லாரி ஓட்டிட்டு இருந்தாவ."

மார்ச் 1, சனி

சொட்டு மருந்து எரிகிறது. தலையை அண்ணாந்து படுக்கச் சொல்லி அவள்தான் விடுகிறாள்.

மார்ச் 4, செவ்வாய்

சித்திரவேல் மாவுக்கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மதகுப் பக்கம் உள்ள அவர் காவல் குடிசைக்கு நடந்தே போனேன். முற்பகல். அளம் முழுக்க வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் உப்பு அம்பாரங்கள் தரையைத் தொடாமல் மிதந்தன. ஒற்றைக் கையால் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்கு லைட்டு கட்டாவல, சித்திரவேலு. எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு தெரியல. பொய் சொல்லிட்டேன்."

அவர் டீயை வடிகட்டிக்கொண்டே இருந்தார்.

"எரிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாதாவே? எம் மூஞ்சியிலதான அடிச்சுது. லைட்டு எம்மேலயே இருக்கு, வண்டி நிக்க மாட்டேங்கு. ஒம்ம மூஞ்சியும் தெரிஞ்சுது. நேராத்தான் பாத்துட்டு இருந்தீரு. என்னைப் பாக்கல. பெறவுதான் குதிச்சேன்."

"அப்பம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"நான் சொன்னா ஒம்ம கையில இருந்து சாவியைப் புடுங்குவாவ. நீரே குடுத்துட்டா நல்லதுன்னு பாத்தேன். வண்டிதான் ஓடாமக் கெடக்கே, திரும்ப ஓடுததுக்குள்ள வாரீரா பாப்பம்னு இருந்தேன்." டீயைக் கிளாஸில் ஊற்றினார். "வந்திருக்கலன்னா நானே சொல்லியிருப்பேன். எங் கை போனாப் போவுது. அந்த வண்டியில பதினாலு பொம்பளைய வாராவ."

 அவர் டீயை நீட்டினார். கண்ணில் வெயில் கூசியதால் கிளாஸ் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கையை நீட்டினேன். அவர் கிளாஸை நகர்த்தி என் விரலில் வைத்து, நான் பிடித்துவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் விட்டார்.

மார்ச் 6, வியாழன்

சுயம்பு வந்தான். லாரிச் சாவியைப் பிரம்மசக்தியிடம் வாங்கி அவனிடம் கொடுத்தேன். "அண்ணாச்சி, நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க" என்றான். வேண்டாம், வழி உனக்கே தெரியும் என்றேன். எடைமேடையில் சீட்டு எழுத ஆள் கேட்டிருக்கிறார்கள், அங்கே போகப்போகிறேன். நடுவில் உள்ளதுதான் எனக்கு நன்றாகத் தெரிகிறதே, எழுத அது போதும்.

மார்ச் 10, திங்கள்

இன்று முதல் நாள் வேலை. நானும் பெண்களோடு லாரியின் பின்னால் ஏறினேன். ஏற்றிவிடத் தங்கபுஷ்பம் கை கொடுத்தாள். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பதினாலு பேரும் பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி நேற்றுக் கண்ட கனவைச் சொன்னாள். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டே அதற்குப் பலன் சொன்னாள். என் வண்டியில் இவ்வளவு பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. முன்னால் இருந்தால் எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அளத்துப் பாதைக்குள் வண்டி இறங்கியது. காற்று இல்லை. இரண்டு பக்கமும் வானம். வண்டி போவதே தெரியவில்லை. நட்சத்திரங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

மதகு வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பேச்சு நின்றது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பதினாலு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் பக்கப் பலகையில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தன. பிரம்மசக்தி என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். பிடித்துப் பிடித்துக் கயிறு அந்த இடத்தில் வழவழவென்று இருந்தது.

சுயம்பு வேகத்தைக் குறைத்தான். லாரி படகு போலத் திரும்பி, நேராகி, போனது.

"எதுக்கு எல்லாரும் புடிக்கிய?" என்று கேட்டேன்.

"சும்மா பழக்கம் அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம்.

"எம்புட்டு நாளா?"

 பிரம்மசக்தி தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசமா" என்றாள்.